பத்துப் பேர் கூடினால்தான்

அன்புள்ள ஐயா,

நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். என் மனைவி யூதர், கன்சர்வேடிவ் பிரிவு. அவர் போகும் சினகாகில் (யூத வழிபாட்டு இல்லம்) என்னையும் ஏதாவது ஒரு வேலையில் சேரச் சொல்கிறார்கள். சமையலறை, துக்க வீட்டுக்குச் சாப்பாடு, வயதானவர்களைக் காரில் அழைத்துவருவது என்று பெரிய பட்டியல். இதில் பக்தி எங்கே இருக்கிறது? மதம் மாறாத நான் இதில் நுழைவது முறைதானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்தப் பட்டியலை வழிபாட்டிலிருந்து பிரித்துப் பார்க்காதீர்கள். யூதர் ஒருவர் தனியாக எங்கே வேண்டுமானாலும் வேண்டிக்கொள்ளலாம். ஆனால் சபையில் யூத வேதமான தோராவை வாசிக்கவும், இறந்தவர்களுக்காகக் கத்தீஷ் என்ற வேண்டுதலைச் சொல்லவும் பத்துப் பேர் வேண்டும். அதுதான் மின்யன். மரபை இறுக்கமாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் பிரிவில் 13 வயது கடந்த ஆண்களை மட்டும் எண்ணுவார்கள். கன்சர்வேடிவ் சபைகள் பெரும்பாலானவற்றில் பெண்களும் கணக்கில் உண்டு. தாய் தந்தையை இழந்தவர் 11 மாதம் தினமும் கத்தீஷ் சொல்வது வழக்கம். ஒன்பது பேர்தான் வந்தார்கள் என்றால் அன்று அவரால் சொல்ல முடியாது. அதனால்தான் தன் வீட்டில் எந்தச் சாவும் நேராத ஒருவர், யாரோ ஒருவருடைய அப்பாவுக்காக, பனிக்காலத்தில் விடியற்காலையில் எழுந்து வருகிறார். இதைவிடப் பெரிய பக்தியை நான் அறியேன்.

கேரளத்தின் கொச்சி யூதர்கள் ரபி என்ற மதகுரு இல்லாமலேயே பல தலைமுறை வழிபாட்டை நடத்தினார்கள்; சமூகத்துப் பெரியவர்களே முன்னின்றார்கள். 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி சினகாக் இன்றும் அழகாக நிற்கிறது, சீன ஓடு பதித்த தரையோடு. ஆனால் மின்யனுக்கு வேண்டிய பத்துப் பேருக்குத்தான் வெளியூர்க்காரர்களை எதிர்பார்க்கும் நிலை வந்துவிட்டது.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒரு வேலையையும் சொல்ல வேண்டும். கெவ்ரா கதீஷா என்ற ஈமக் குழு. பிராகா நகரில் 1564இலேயே இது நிறுவப்பட்டிருக்கிறது. இறந்தவரைக் குளிப்பாட்டி, பையே வைக்காத வெள்ளை உடை உடுத்துவார்கள். ஆணுக்கு ஆண்கள், பெண்ணுக்குப் பெண்கள். செய்யும்போது ஏதும் மரியாதைக் குறைவு நேர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளும்படி, பெயர் சொல்லி அழைத்து அந்த உடலிடமே கேட்பார்கள். அடக்கம் வரை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வேதத்திலுள்ள சங்கீதப் பாடல்களை வாசிப்பதும் உண்டு. இறந்தவர் கைம்மாறு செய்யப் போவதில்லை. அதனாலேயே இதை மிக உயர்ந்த உதவியாக மதிக்கிறார்கள். இதை யூதர்களே செய்வது மரபு, மின்யனிலும் உங்களை எண்ண மாட்டார்கள். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

உங்களுக்கான இடம் வேறு. அடக்கம் முடிந்து திரும்பியதும் துக்க வீட்டார் சாப்பிடும் முதல் சாப்பாடு அக்கம்பக்கத்தார் கொடுப்பதாக இருக்க வேண்டும். அவித்த முட்டையும் பயறும் அதில் வழக்கம். கொண்டுபோகும் குழுவில் தாராளமாகச் சேருங்கள். ஆனால் உங்கள் வீட்டுச் சாம்பாரைப் பாத்திரத்தோடு சினகாக் சமையலறைக்குள் எடுத்துப் போய்விடாதீர்கள். சைவமாகவே இருந்தாலும், பாத்திரமும் அடுப்பும் கோஷர் (யூத உணவு விதிக்கு உட்பட்டது) இல்லையென்றால் பல இடங்களில் அனுமதிக்க மாட்டார்கள். அங்கேயே, அவர்கள் பாத்திரத்தில், அவர்கள் சொல்கிறபடி நறுக்கிக் கொடுங்கள். துக்க வீட்டுக்கு என்ன கொண்டுபோகலாம் என்று ரபியிடமோ அலுவலகத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள். போன இடத்தில் அவர்களாகப் பேசும்வரை நீங்கள் ஆறுதல் சொல்லத் தொடங்க வேண்டாம். அதுவும் அவர்களுடைய முறை.

எல்லாவற்றுக்கும் முன்னால் கார் ஓட்டும் வேலைக்குப் பெயர் கொடுங்கள். பத்தாவது ஆள் பெரும்பாலும் தனியாக வண்டி ஓட்ட முடியாத ஒரு முதியவராகத்தான் இருப்பார். வாரநாள் காலை, அதுவும் ஜனவரி, பிப்ரவரியில், அவரைக் கூட்டிவரத்தான் ஆள் கிடைக்காது.