"அவன் சரியான எம்டன்" என்கிறோமே, யார் அந்த எம்டன்?

ஆள் இல்லை, ஊர். ஜெர்மனியில் எம்ஸ் ஆற்று முகத்துவாரத்தில் உள்ள துறைமுக ஊர். அதன் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து, சுமார் 130 குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. கரையிலிருந்து திருப்பிச் சுட்டும் பயனில்லை. கப்பல் இருட்டில் நழுவிவிட்டது. பயந்துபோன ஜனங்கள் ஊரைக் காலி செய்தார்கள்.

அப்புறம் என்ன, சொல்லாமல் வந்து அடித்துவிட்டு மாட்டாமல் போகிறவன், கில்லாடி, கண்டிப்பான அப்பா எல்லோரும் எம்டன்தான். ராயபுரத்தில் எங்கள் கணக்கு வாத்தியாருக்கும் அதே பெயர்! 'எமன்' என்று காதில் விழுவதும் உதவியிருக்கும் என்பது என் ஊகம்.

அதே வருஷம் நவம்பரில் எம்டனை முடித்த ஆஸ்திரேலியக் கப்பலுக்கும் ஊர்ப்பெயர்தான்: சிட்னி. ஆனால் யாரையும் நாம் 'சிட்னி' என்பதில்லை.