வயிறு கிழிந்த வீடு

சென்ற இதழில் மொபைல் ஹோம் வீடுகளைப் பற்றி நாலு வரி எழுதினேன். வந்த கடிதங்களைப் பார்த்தால், எங்கட ஆக்கள் றொறன்ரோவை விட்டு இவ்வளவு தூரம் வடக்கே வந்துவிட்டார்களா என்று இருக்கிறது. என்னைப் பற்றிக் கேட்டவர்களுக்கு ஒரு சொல்: ஊரில் தச்சுவேலை பழகியவன். 1998 இலிருந்து வட அல்பேர்ட்டாவில் இந்த வீடுகளுக்குக் கீழே ஊர்ந்து திரிந்து பிழைத்தவன். முதல் வீடு 16 அடி அகலம், 76 அடி நீளம், இரும்புச் சட்டத்தில் சில்லோடு லொறிக்குப் பின்னால் வந்து நின்றது. அத்திவாரம் எங்கே என்று கேட்டேன். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். கேள்வி பிழையில்லை என்பது அடுத்த பங்குனியில்தான் தெரிந்தது.

மொபைல் ஹோம் பார்க்கில் 1994 ஆம் ஆண்டு வீடு ஒன்று வாங்கினோம். போன தை மாதம் மைனஸ் 38 இல் குசினிக் குழாய் உறைந்துவிட்டது. குளியலறையில் தண்ணி வந்தது. ஹீற் ரேப் (குழாயில் சுற்றிச் சூடாக்குகிற மின்நாடா) பழுது என்று சொல்லி ஒருவர் புதிதாக மாற்றிக் காசும் வாங்கிப் போனார். மாசியில் திரும்பவும் உறைந்தது. (வாசகி, கிராண்ட் பிரேறி)

தங்கச்சி, விடையை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குளியலறையில் தண்ணி வந்தது என்கிறீர்களே, அதுதான் விடை. நிலத்திலிருந்து வீட்டுக்குள் ஏறுகிற ஒற்றைக் குழாயில்தான் ஹீற் ரேப் சுற்றியிருக்கும். அது உறைந்தால் வீடு முழுக்கத் தண்ணி நிற்கும். ஒரு அறையில் மட்டும் நின்றால் ரேப்பில் குற்றமில்லை. அந்த அறைக்குப் போகிற கிளைக் குழாயில் எங்கேயோ குளிர்காற்று படுகிறது.

இந்த வீட்டுக்கு வயிறு ஒன்று உண்டு. தரைப் பலகைக்குக் கீழே வளிக்குழாய், அதன் பக்கத்தில் தண்ணிக் குழாய்கள், அதற்குக் கீழே கண்ணாடிப் பஞ்சு, எல்லாவற்றையும் ஏந்திப் பிடிக்கிற கறுத்தப் பின்னல் பிளாஸ்ரிக் விரிப்பு. ஃபேர்ணஸ் (வீட்டைச் சூடாக்குகிற உலை) தருகிற சூடு வளிக்குழாயிலிருந்து கசிந்துதான் தண்ணிக் குழாயைக் காப்பாற்றுகிறது. எப்போதோ ஒரு பிளம்பர் கசிவு பார்க்க விரிப்பை வெட்டியிருப்பார், திரும்ப ஒட்டச் சாதாரண டக்ட் ரேப் போட்டிருப்பார். குளிரில் அது ஒரு வருசம்கூட நிற்காது. விரிப்பு தொங்கும், பஞ்சு விழும். எலிக்கு அதைவிட நல்ல கலியாண மண்டபம் கிடையாது.

ஆகவே புரட்டாதியில், நிலம் காய்ந்திருக்கும்போது, ரோச் லைற்றோடு குசினிக்கு நேர் கீழே போய்ப் பாருங்கோ. உங்களால் ஏலாவிட்டால் வேறு ஒரு ஆளை அனுப்பிப் பாருங்கோ. நனைந்த பஞ்சை எடுத்து எறிய வேணும். காயவைத்துத் திருப்பிப் போட நினைக்க வேண்டாம். புதுப் பஞ்சு வைத்து, அதே பின்னல் துணியில் கிழிசலைவிட ஒரு அடி பெரிய துண்டு வெட்டி, விரிப்புக்கென்றே விற்கிற பசை நாடாவால் ஒட்டி, வெளிப்பக்கமாக மடிகிற ஸ்ரேப்பிளும் அடிக்க வேணும். சாமான் செலவு பெரிதில்லை. முதுகு நோவுதான் செலவு.

ஹீற் ரேப்பைப் பற்றியும் ஒன்று. தேர்மோஸ்ரற் உள்ள ரேப் கிட்டத்தட்ட 3 பாகை செல்சியசில்தான் வேலை தொடங்கும். அதனால் ஐப்பசியில் அதன் தேர்மோஸ்ரற்றில் உறைந்த பட்டாணிப் பையைக் கட்டிவிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து ரேப்பைத் தொட்டுப் பாருங்கோ. சூடு தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் முதலில் பிளக் பொயின்ற்றில் உள்ள பாதுகாப்பு ஸ்விச் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேணும். மாரி மழை ஈரத்துக்கு அது விழுந்துவிடும், ஒருவருக்கும் தெரியாது. பழைய வகை ரேப்பை ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே போட்டால் அந்த இடம் கருகும். வீடு எரிந்த கதைகள் அங்கேதான் தொடங்குகின்றன.

உறைந்த குழாயை இளக்கத் தலைமயிர் காயவைக்கிற மெசின் போதும். குழாயைத் திறந்து வைத்து, தண்ணி வரும் வாய்ப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் போங்கோ. தீ வேண்டாம். நான் 2001 இல் புரொப்பேன் ரோச் பிடித்து, குழாய்க்குப் பின்னாலிருந்த பஞ்சின் கடதாசி பற்றி, கையுறையாலேயே அடித்து அணைத்தேன். வீட்டுக்காரி மேலே தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தா. இன்றுவரை அவவுக்குத் தெரியாது. இதை வாசித்தால் மன்னிக்க வேணும்.

மாசி பங்குனியில் முன்கதவு பூட்ட முடியாது. சீலிங்கில் மயிர்க்கோடு போல வெடிப்பு. ஆடியில் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். கதவைச் சீவலாமா? (வாசகர், ஃபோர்ட் மக்மரி)

தம்பி, கதவைத் தொடாதேங்கோ! மாசியில் சீவினால் ஆடியில் விரல் போகிற இடைவெளி வரும், அதற்கு ஒரு பலகை வைத்து அடைப்பீர்கள், திரும்ப மாசியில் அதைச் சீவுவீர்கள்.

உங்கட வீட்டைக் குளிர் தூக்குகிறது. நிலத்து ஈரம் உறைகிற தட்டை நோக்கி மேலே இழுபட்டு, மண்ணுக்குள் பனிக்கட்டித் தகடாகப் படியும். தகடு தடிக்கத் தடிக்க மேலே உள்ளதைத் தூக்கும், அது வீடென்றும் பாராது. வண்டல் மண்ணில் இது மோசம். ஸ்கேர்ட்டிங் (வீட்டின் அடியைச் சுற்றி மறைக்கிற தடுப்பு) போட்ட வீட்டில் நடுப்பகுதி நிலம் ஓரளவு சூடாக இருக்கும், ஓரம்தான் ஆழமாக உறையும். ஓரத் தூண்கள் உயரும், நடுத்தூண்கள் நிற்கும், வீடு தோணி போல வளையும். அதுதான் சீலிங் வெடிப்பு.

ஈரம் இல்லாவிட்டால் இந்த விளையாட்டு இல்லை. கூரைத் தண்ணி எங்கே விழுகிறது என்று பாருங்கோ. நான் பார்த்த பாதி வீடுகளில் பீலிக் குழாய் வீட்டின் மூலையிலேயே முடிகிறது. ஐந்தாறு அடி தள்ளி விட்டு, மண்ணை வெளிப்பக்கம் சரித்து விடுங்கோ. வீட்டுக்குக் கீழே நிலத்தில் தடித்த பொலித்தீன் விரியுங்கோ. ஸ்கேர்ட்டிங்கை (என் மனைவி அதற்கு வைத்த பெயர் வீட்டுப் பாவாடை) மேலேயும் கீழேயும் இறுக்கி ஆணி அடித்திருந்தால் நிலம் தூக்கும்போது அது நெளிந்து உடையும். மேலே ஏறி இறங்க இடம் விட வேணும். வினைல் பாவாடை காற்றைத்தான் மறிக்கும், குளிரை மறிக்காது. உட்பக்கம் 2 அங்குல நுரைப்பலகை வைத்தால்தான் பலன்.

மட்டம் பார்க்கிற வேலையை நிலம் முழுக்க இளகிய பிறகு, ஆனிக் கடைசி அல்லது ஆடியில் செய்யுங்கோ. எனக்கு இது அடிபட்டு வந்த அறிவு. முதல் வருசம் சித்திரையில் ஒரு வீட்டை வடிவாக மட்டம் பிடித்துக் கொடுத்துக் கைகுலுக்கி வந்தேன். ஆடியில் நிலம் இறங்க, நான் வைத்த ஆப்பெல்லாம் ஒரு பக்கம் தூக்கி நின்றது. சம்பளமில்லாமல் இரண்டு நாள் திரும்ப வேலை செய்தேன்.

மட்டத்துக்கு லேசர் தேவையில்லை. ஊரில் மேசன்மார் பிடிக்கிற அதே தண்ணி ரியூப் போதும். இரும்புத் தீராந்திக்குக் கீழே அகலமான பலகை வைத்து, அதன் மேல் போத்தல் ஜாக்கி. ஒரு தரத்துக்குக் கால் அங்குலத்துக்கு மேல் உயர்த்த வேண்டாம். ஒரே இடத்தில் உயர்த்தாமல் சுற்றிச் சுற்றி வாருங்கோ. உயர்த்த உயர்த்தப் பக்கத்தில் மரக்கட்டை அடுக்கிக்கொண்டே வர வேணும். ஜாக்கியை மட்டும் நம்பி உடம்பைக் கீழே விடுகிறவனோடு நான் வேலைக்குப் போவதில்லை.

யன்னல் கண்ணாடியில் உள்ளுக்குப் பனிக்கட்டி. அலுமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சணம். பங்குனியில் லைற் ஓட்டையால் தண்ணி சொட்டுகிறது. கூரை ஒழுகுகிறது, 4000 டொலர் செலவழித்துப் பூச்சுப் பூச வேணும் என்கிறார் கணவர். (வாசகி, பிராண்டன், மனிற்றோபா)

கணவரிடம் ஒரு கேள்வி கேளுங்கோ: மழை பெய்யும்போது சொட்டுகிறதா? இல்லையென்றால் 4000 டொலரை வங்கியிலேயே விடலாம்.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி கடிதத்தின் கடைசியில் இருந்தது: இரவில் புட்டு அவிக்கிறீர்கள், இரண்டு பிள்ளைகளின் உடுப்பை வீட்டுக்குள் கொடியில் காயப் போடுகிறீர்கள். சின்ன வீடு, தாழ்ந்த சீலிங், ஆறு மாதம் யன்னல் திறப்பதில்லை. அந்த நீராவி எங்கே போகும்? கண்ணாடியில் ஒரு பங்கு, அலுமாரிக்குப் பின்னால் உள்ள குளிர்ந்த மூலையில் ஒரு பங்கு. மிச்சம் லைற் ஓட்டைகளால் சீலிங்குக்கு மேலே போய், கூரைத் தகட்டின் அடிப்பக்கத்தில் உறைபனியாகப் படிந்து கிடக்கும். மார்கழி, தை, மாசி மூன்று மாதமும் சத்தமில்லாமல் சேரும். பங்குனியில் முதல் வெயில் அடித்தவுடன் எல்லாம் ஒரேயடியாக உருகும். கூரை ஒழுகவில்லை, தங்கச்சி. உங்கட புட்டு ஆவிதான் திரும்பி வருகிறது.

புட்டை நிறுத்தச் சொல்லுகிறவன் நானல்ல. அடுப்புக்கு மேலே உள்ள ஃபான் காற்றை வெளியே தள்ளுகிறதா, அல்லது வடிகட்டித் திரும்ப உங்கட முகத்துக்கே ஊதுகிறதா என்று பாருங்கோ. பல வீடுகளில் இரண்டாவதுதான். குளியலறை ஃபானின் குழாய் கூரைக்கு வெளியே போகிறதா, அல்லது சீலிங்குக்கு மேலேயே வாய் பிளந்து நிற்கிறதா என்று ஏறிப் பார்க்கச் சொல்லுங்கோ. லைற் பெட்டிகளைச் சுற்றி உள்ள இடைவெளியை அடையுங்கோ. அலுமாரியை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கோ. ஈரப்பதம் காட்டுகிற சின்ன மானி ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டுங்கோ: வெளியே மைனஸ் 18 என்றால் உள்ளே 30 சதவீதத்தைத் தாண்ட விட வேண்டாம். மைனஸ் 30க்குக் கீழே போனால் அதையும்விடக் குறைக்க வேணும். உதடு வெடிக்கும்தான். பூஞ்சணத்துக்கு வசலின் பூச முடியாது.

குழாயைச் சொட்டுச் சொட்டாக விட்டால் உறையாது என்கிறார்களே? (வாசகர், எட்மன்ரனுக்கு வடக்கே)

தண்ணி வருகிற குழாய் உறையாமல் இருக்கலாம். தண்ணி போகிற குழாய் உறையும். ஒரு சொட்டு கழிவுக் குழாயில் மெதுவாக ஓடி, வீட்டுக்குக் கீழே குளிர்ந்த இடத்தில் மெல்லிய தகடாக உறையும், அடுத்த சொட்டு அதன் மேல். ஒரு கிழமையில் மெழுகுதிரி வார்த்ததுபோலக் குழாய் அடைபடும். விட்டே ஆக வேணுமென்றால் பென்சில் தடிப்பில் விடுங்கோ. புது ஃபேர்ணஸ்களிலிருந்து சொட்டுகிற தண்ணியும் இதே வேலையைச் செய்யும், அதைக் கழிவுக் குழாயில் விட்டிருந்தால் கவனம்.

மலகூடத்தில் களக் களக் என்று சத்தமும் நாற்றமும் வந்தால் அது வேறு விசயம். கூரையில் நிற்கிற காற்றுக்குழாயின் வாய் உறைபனியால் மூடியிருக்கும். மைனஸ் 35 இல் சுடுதண்ணி வாளியோடு கூரையில் ஏறுகிற வீரம் வேண்டாம். கோடையில் அந்தக் குழாயைக் கூரைக்குக் கீழேயே அகலமாக்கி, 3 அங்குலத்துக்குக் குறையாமல் வெளியே விடச் சொல்லுங்கோ.

சிங்குக்குக் கீழே சாம்பல் நிறப் பிளாஸ்ரிக் குழாய். நல்லதா? (வாசகி, ரெட் டியர்)

குழாயில் பிபி 2110 (PB2110) என்று அடித்திருந்தால் நல்லதில்லை. 1970களின் கடைசியிலிருந்து 1990கள் வரை விற்ற பொலிபியூட்டிலீன் என்கிற பிளாஸ்ரிக் அது. தண்ணியில் உள்ள குளோரினால் உள்ளிருந்தே முறுகிவிடும், பொருத்துகளில் சொல்லாமல் கொள்ளாமல் வெடிக்கும். ஒவ்வொரு கசிவாக ஒட்டிக்கொண்டிருக்காமல் முழுவதையும் பெக்ஸ் (PEX) என்கிற பிளாஸ்ரிக் குழாயாக மாற்றுங்கோ. வயிற்றைத் திறக்கிற அதே கோடையில் செய்தால் ஒரே கூலி.

தெற்கு மாநிலம் ஒன்றிலிருந்து பாதி விலைக்கு ஒரு வீடு வருகிறது. வாங்கலாமா? (வாசகர், மைனொட், நோர்த் டகோட்டா)

அமெரிக்காவில் 1976 ஆனி (ஜூன்) 15க்குப் பிறகு கட்டிய வீடென்றால் வீட்டின் பின்முனையில், வெளிச்சுவரில் சிவப்பு உலோகத் தகடு இருக்கும். அதைவிட முக்கியம் உள்ளே, குசினி அலுமாரிக் கதவிலோ படுக்கையறை அலுமாரியிலோ ஒட்டியிருக்கிற கடதாசி. அதில் சின்ன அமெரிக்க வரைபடங்கள் இருக்கும். எந்த வெப்ப வலயத்துக்கு, கூரையில் எவ்வளவு பனிப்பாரத்துக்குக் கட்டிய வீடென்று அவை சொல்லும். உங்கட மாநிலத்துக்கு வெப்ப வலயம் 3 வேணும். தெற்குக் கூரை சதுர அடிக்கு 20 இறாத்தல் தாங்கக் கட்டியது. வடக்கு வலயத்துக் கணக்கு 40. உங்கட இடம் எந்தக் கூரை வலயத்தில் விழுகிறது என்று அந்த வரைபடத்தில் பாருங்கோ. தெற்குக் கூரை அதற்குப் போதாதென்றால் மிச்சப் பாரத்தை நீங்களே ஒவ்வொரு இரவும் ஸ்னோ வாருகோலோடு இறக்க வேணும்.

விற்கிறவர் அந்தக் கடதாசி கிழிந்துபோயிற்று என்று சொன்னால் தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பி வாங்கோ.