வாய் வறண்டால் கால்சியம் மாத்திரை போடலாமா?

கேள்வி: வயது 54, தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். சர்க்கரையால் வந்த கால் எரிச்சலுக்கு மூன்று மாதமாக ராத்திரியில் அமிட்ரிப்டிலின் சாப்பிடுகிறேன். எரிச்சல் குறைந்தது; ஆனால் வாய் காய்ந்து நாக்கு ஒட்டிக்கொள்கிறது. பி.ஃபார்ம் படிக்கும் மகன், "எச்சில் சுரக்குறதே கால்சியத்தாலதான்மா, நியூரோபெப்டைட் பாடத்துல வருது" என்கிறான். கால்சியம் மாத்திரை வாங்கட்டுமா?

பதில்: பையன் படித்தது சரிதான் அம்மா. கால்சியம் மாத்திரை மட்டும் வேண்டாம்.

மிளகாய்த்தூள் போட்ட மாங்காய்ப் பத்தையைக் கடித்ததும் நரம்பு நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் கசிந்து, எச்சில் சுரப்பி செல்லின் மேலுள்ள ஏற்பியில் (ரிசெப்டர்) உட்காருகிறது. உடனே உள்ளே ஐபி3 என்ற சிறு மூலக்கூறு உருவாகி, செல் தன்னுள்ளேயே சேர்த்து வைத்திருக்கும் கால்சியத்தைத் திறந்துவிடுகிறது. அந்தக் கால்சியம் குளோரைடு வெளியேறும் வாசலைத் திறக்கும். குளோரைடின் பின்னால் சோடியம், உப்பின் பின்னால் தண்ணீர். அதுதான் எச்சில்.

மகன் சொன்ன நியூரோபெப்டைட், அதாவது நரம்பு செல்கள் சுரக்கும் சிறு புரதத் துண்டு, 'சப்ஸ்டன்ஸ் பி' ஆக இருக்கும். அது என்கே1 என்ற வேறு ஏற்பியில் உட்கார்ந்தாலும் உள்ளே நடப்பது இதே கதை. சூசன் லீமன் என்ற அமெரிக்க விஞ்ஞானி மாட்டு மூளைச் சாற்றில் வேறொரு ஹார்மோனைத் தேடியபோது, ஊசி போட்ட எலிகளுக்கு எச்சில் வடிந்தது. தேடாமல் கிடைத்தது இந்த சப்ஸ்டன்ஸ் பி. 11 அமினோ அமிலங்கள் கொண்ட அதன் வரிசை 1971-இல் வெளியானது. ஆனால் அது எலி. மனிதருக்கு எச்சில் விஷயத்தில் பெரிய கை அசிட்டைல்கோலின்தான்.

நீங்கள் சாப்பிடும் அமிட்ரிப்டிலின் அந்த அசிட்டைல்கோலின் ஏற்பியைத்தான் மூடுகிறது. சம்ப்பில் தண்ணீர் நிறைய இருக்கிறது, மோட்டார் சுவிட்சைத்தான் அடைத்து வைத்திருக்கிறோம். அதற்கு இன்னொரு லாரி தண்ணீர் வரவழைத்து என்ன பயன்? போதாததற்கு, அமிட்ரிப்டிலின் ஏற்கெனவே மலச்சிக்கல் தரும். கால்சியம் அதைக் கூட்டும்.

அமிட்ரிப்டிலினை நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார். சர்க்கரை ஏறினாலும் வாய் காயும், அதையும் பார்த்துவிடுங்கள். கண்ணிலும் மணல் விழுந்தாற்போல உறுத்தினால் கட்டாயம் சொல்லுங்கள்; அது ஷோக்ரன் என்ற வேறு நோயாகவும் இருக்கலாம்.

எச்சில் குறைந்த வாயில் பல் சீக்கிரம் சொத்தையாகும். ஃப்ளோரைடு பேஸ்ட்டில் இரண்டு வேளை தேயுங்கள். கோட்டை ரயில் நிலையம் பக்கத்து அரசு பல் மருத்துவக் கல்லூரியில் ஒருமுறை காட்டிவிடுங்கள். அதுவரை அடிக்கடி ஒரு வாய் தண்ணீர், சர்க்கரை இல்லாத சூயிங்கம். எலுமிச்சை மிட்டாய் பக்கம் போகாதீர்கள்.