டெங்கும் இல்லை, எலிக்காய்ச்சலும் இல்லை என்று ரிப்போர்ட் வந்த பிறகும் ஊசி போடுவது ஏன்?

முல்லைத்தீவு மாவட்டத்தின் முத்தையன்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்.

“காலபோக வயலில் களை பிடுங்கி, வரம்பு கட்டி, தண்ணி பார்த்துக்கொண்டிருந்த என் கணவருக்குத் திடீரென்று கடுமையான காய்ச்சல். தலையிடி, கால் உளைவு. மூன்றாம் நாள் தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தம் கொடுத்தோம். டெங்கு அன்டிஜன் இல்லை, எலிக்காய்ச்சலும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. ஆனாலும் ஆஸ்பத்திரியில் மறித்து, எலிக்காய்ச்சல் என்ற சந்தேகத்தில் பெனிசிலின் ஊசி தொடங்கினார்கள். முதல் ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் உடம்பு தூக்கிப் போடுகிற மாதிரி நடுக்கம் வந்தது. இல்லாத வருத்தத்துக்கு மருந்து கொடுக்கிறார்கள், வேறு இடத்துக்குக் கொண்டுபோ என்று வெளிநாட்டில் இருக்கும் தம்பி சொல்கிறான். என்ன செய்வது? பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா எங்களுக்கும் கிழமைக்கு ஒருதரம் போடச் சொல்லி மாத்திரை தந்திருக்கிறார். நானும் வயலுக்குப் போகிறவள்தான். மருமகளும் கூட வருவாள், அவள் இப்போது நாலு மாதம். போடலாமா?”

முதலில் அவசரமான பதில். கணவரை எங்கும் கொண்டுபோக வேண்டாம். ஆஸ்பத்திரியில் செய்தது சரியான வேலை. காய்ச்சலின் மூன்றாம் நாளில் எலிக்காய்ச்சல் டெஸ்ட் ‘இல்லை’ என்று வந்தால், அதை வைத்து வருத்தம் இல்லை என்று சொல்லவே முடியாது.

தனியார் ஆய்வுகூடங்களில் உடனே செய்து தருகிற எலிக்காய்ச்சல் டெஸ்ட் பெரும்பாலும் கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக நம் உடம்பு உண்டாக்குகிற பிறபொருளெதிரியைத் தேடுகிறது. அது இரத்தத்தில் தெரியும் அளவுக்கு வர ஐந்து முதல் ஏழு நாள் வரை ஆகும், சிலருக்கு அதற்கும் மேலே. முதல் சில நாட்களில் லெப்டோஸ்பைரா என்ற அந்தக் கிருமி இரத்தத்தில் நிறையவே ஓடும், ஆனால் இந்த டெஸ்டின் கண்ணுக்கு அது படாது. அந்த நாட்களில் கிருமியைப் பிடிக்கக்கூடியது பி.சி.ஆர். பரிசோதனை. அது எல்லா ஆஸ்பத்திரியிலும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. உலகம் முழுவதும் அளவுகோலாக வைத்திருக்கிற பரிசோதனை வேறொன்று. உயிருள்ள லெப்டோஸ்பைரா கிருமிகளோடு நோயாளியின் இரத்தத் தெளியத்தை (சீரம்) கலந்து, அவை ஒட்டித் திரள்கின்றனவா என்று நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். அதற்கும்கூட ஒரு மாதிரி போதாது. இரண்டு கிழமை அளவு கழித்து இன்னொருமுறை இரத்தம் எடுத்து, பிறபொருளெதிரி நான்கு மடங்காவது கூடியிருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். முடிவு வரும்போது ஆள் சுகமாகி வயலுக்குத் திரும்பியிருப்பார், அல்லது காலம் கடந்திருக்கும். அதனால்தான் எந்த வைத்தியரும் ரிப்போர்ட்டுக்காகக் காத்துக்கொண்டு மருந்தைப் பிந்தவிடுவதில்லை.

டெங்கு வைரசின் புரதத்தை இரத்தத்தில் தேடுகிற அன்டிஜன் டெஸ்டுக்கும் ஒரு குறை உண்டு. முதல் மூன்று நான்கு நாட்களில் நன்றாகப் பிடிக்கும், பிறகு குறைந்துகொண்டே போகும். முன்பு ஒருதரம் டெங்கு வந்தவருக்கு இரண்டாம் தடவை வரும்போது, முதல் நாட்களிலேயே தவறவிடவும் கூடும்.

அப்படியானால் வாட்டில் எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள்? தினமும் எடுக்கிற சாதாரண இரத்தப் பரிசோதனையை வைத்து. பிளேட்லெட் குறைந்தால் டெங்குதான் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. எலிக்காய்ச்சலிலும் பிளேட்லெட் குறையும். வித்தியாசம் பெரும்பாலும் வெள்ளணுவில் தெரியும். டெங்கில் அது இறங்கும், எலிக்காய்ச்சலில் பலருக்கு ஏறும். கூடவே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் கூடுகிறதா, சிறுநீரில் புரதம் போகிறதா, மஞ்சள் நிறமி ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு ஆளைப் பார்ப்பார்கள். கெண்டைக்காலை அழுத்தினால் துடிக்கிறாரா, பீளை இல்லாமல் கண் சிவந்திருக்கிறதா என்று.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது நீங்கள் சொல்ல வேண்டிய ஒரு தகவல். வன்னியில் வயல்வேலை மூச்சுவிடுவது மாதிரிப் பழகிப்போன விடயம் என்பதால், வைத்தியர் கேட்டாலும் “காய்ச்சல்தான் ஐயா, வேறொன்றுமில்லை” என்று முடித்துவிடுகிறோம். கிருமி உடம்புக்குள் போன பிறகு காய்ச்சல் தொடங்க இரண்டு நாளும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாள். ஆகவே நேற்று என்ன செய்தார் என்று மட்டும் சொன்னால் போதாது. கடந்த ஒரு மாதத்தில் எந்த வயலில் இறங்கினார், வாய்க்கால் துப்புரவாக்கினாரா, குளத்தில் மீன் பிடித்தாரா, மாட்டுப்பட்டியில் வேலை செய்தாரா, காலில் வெட்டுக்காயம் இருந்ததா என்று கேட்காமலே சொல்லுங்கள். எலி மட்டும் இதைப் பரப்புவதில்லை, மாட்டின் சிறுநீரிலும் நாயின் சிறுநீரிலும் கிருமி வரும், ஈரமண்ணிலும் தேங்கிய தண்ணியிலும் கிழமைக்கணக்கில் உயிரோடு கிடக்கும். 2024 டிசம்பரில் மழைவெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாகச் சில நாட்களுக்குள் பலர் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதுவும் எலிக்காய்ச்சல்தான்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். கால் உளைவு தாங்காமல் மருந்துக்கடையில் டிக்ளோஃபினாக் மாத்திரையோ, பின்வழியாக வைக்கிற மருந்தோ வாங்கிப் பாவித்தீர்களா? பாவித்திருந்தால் வாட்டில் மறைக்காமல் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலில் ஏற்கனவே தள்ளாடுகிற சிறுநீரகத்தை அது இன்னும் கெடுக்கும், டெங்கு என்றால் இரத்தக்கசிவைக் கூட்டும். எந்தக் காய்ச்சல் என்று தெரியும்வரை பனடோலைத் தவிர வேறு வலிநிவாரணி வேண்டாம். பனடோலையும் சொன்ன அளவுக்கு மேலே போடக்கூடாது.

சரி, தம்பியின் கேள்விக்கு வருவோம். உறுதியாகத் தெரியாமல் அன்டிபயோட்டிக் கொடுக்கலாமா? பொதுவாகக் கேட்டால் நானும் கூடாது என்றுதான் சொல்வேன். இங்கே கொடுக்கச் சொல்வதற்கு ஆய்வுகளில் ஆதாரம் இருக்கிறது, ஆனால் அது பலரும் நினைக்கிற அளவுக்கு ஒரேமுகமானது இல்லை. 1988இல் பிலிப்பைன்ஸில் கடுமையான எலிக்காய்ச்சல் நோயாளிகள் 42 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்குப் பெனிசிலின், மற்றவர்களுக்கு மருந்தில்லாத ஊசி. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். பெனிசிலின் பெற்றவர்களுக்குக் காய்ச்சலும் சீக்கிரம் விட்டது, சிறுநீரகமும் சீக்கிரம் தேறியது. அதே காலத்தில் பார்படோஸில் செய்த ஆய்வில் அப்படியொரு நன்மை தெரியவில்லை. 2003இல் பிரேசிலில் 253 பேரை வைத்துச் செய்தார்கள். காய்ச்சல் தொடங்கி நான்கு நாளுக்கு மேலான பிறகு வந்தவர்கள் அவர்கள். அங்கே பெனிசிலின் மரணத்தைக் குறைக்கவில்லை.

இவற்றைச் சேர்த்துப் படித்துப் பல வைத்தியர்கள் வந்திருக்கிற முடிவுதான் என் முடிவும். கிருமி இரத்தத்தில் பெருகி ஓடுகிற முதல் நாட்களில் மருந்து போனால் பயன் கிடைக்க வாய்ப்பு அதிகம். சிறுநீரகமும் நுரையீரலும் அடிபட்ட பிறகு போனால் அந்த மருந்து அதிகம் செய்யாது, அப்போது ஆளைக் காப்பாற்றுவது டயாலிசிஸும் ஒட்சிசனும்தான். பெனிசிலின் மலிவானது, ஒவ்வாமை இல்லாதவருக்குப் பெரும்பாலும் பாதுகாப்பானது. ஐந்து நாள் காத்திருந்து ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு தொடங்குவது ஆபத்தான கணக்கு. இன்னொரு ஆஸ்பத்திரியில் செஃப்ட்ரையாக்சோன் என்ற அன்டிபயோட்டிக் கொடுக்கிறார்களாமே, அது நல்லதில்லையா என்று சிலர் கேட்பார்கள். தாய்லாந்தில் 2003இல் கடுமையான நோயாளிகள் 173 பேரிடம் பெனிசிலினையும் செஃப்ட்ரையாக்சோனையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே அளவு வேலை செய்தன. விலை கூடிய மருந்தைத் தேடி ஆஸ்பத்திரி மாறத் தேவையில்லை.

அந்த நடுக்கம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நீங்கள் பயந்தது நியாயம். ஆனால் பெரும்பாலும் அது மருந்து வேலை செய்யத் தொடங்கியதால் வருவது. லெப்டோஸ்பைரா போன்ற சுருள் வடிவக் கிருமிகள் ஊசிக்குப் பிறகு ஒரேயடியாகச் சாகும்போது அவற்றின் உடைந்த பாகங்கள் இரத்தத்தில் கலக்கின்றன. சில மணித்தியாலத்துக்குள் நடுக்கம், கூடிய காய்ச்சல், சிலருக்கு இரத்த அழுத்தம் இறங்குவது என்று தெரியும், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். இதற்காக மருந்தை நிறுத்தத் தேவையில்லை. ஆனால் நடுக்கத்தோடு உடம்பு தடித்தல், முகம் உதடு வீங்குதல், மூச்சு இழுத்தல் இருந்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். உடனே தாதியைக் கூப்பிடுங்கள். எது எப்படியோ, நடுங்கியதை வாட்டில் சொல்லத்தான் வேண்டும், தாங்களாகவே ஊகித்துக்கொண்டு இருக்கக்கூடாது.

ஊசி தொடங்கி இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அப்போது கேட்க வேண்டிய கேள்வி வேறு. உண்ணிக்காய்ச்சல் எனப்படும் டைபஸ் நம் வடக்கில் இருக்கிறது. பற்றைக் காட்டுக்குள் இருக்கிற மிகச் சிறிய உண்ணிக்குஞ்சு கடித்து வருவது. பெனிசிலினும் செஃப்ட்ரையாக்சோனும் அதை ஒன்றும் செய்யாது. அதற்கு வேலை செய்வது டொக்சிசைக்ளின் என்ற அன்டிபயோட்டிக். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது மாதிரிக் கறுத்த பொருக்கு ஒன்று பலருக்கு இருக்கும், வலிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. கக்கம், அரை, இடுப்பில் சாரம் கட்டுகிற இடம், முழங்காலுக்குப் பின்புறம் எல்லாம் வெளிச்சத்தில் பாருங்கள். வெட்கப்பட்டு உடுப்பைக் கழற்றாமல் விட்டுத் தவறவிட்ட பொருக்குகள் அநேகம். கண்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். கடுமையான டைபஸுக்கு எது சிறந்தது என்று இந்தியாவில் செய்த பெரிய ஆய்வு 2023இல் வெளிவந்தது. டொக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் தனித்தனியே கொடுப்பதைவிட இரண்டையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது நல்ல பலன் தந்தது என்று அதில் கண்டார்கள்.

வாட்டில் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, சிறுநீரை அளந்து நேரத்தோடு எழுதிவைப்பது. ஒரு நாள் முழுவதும் அரை லீட்டருக்குக் குறைவாகப் போனால் உடனே சொல்லுங்கள். இருமலில் இரத்தம், மூச்சு வாங்குதல், கண் மஞ்சளாதல், ஆள் தடுமாறிப் பேசுதல் இவற்றில் எதைக் கண்டாலும் வாட் றவுண்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் இருக்கிற வேறு யாருக்காவது இப்படி வந்தால் 1990 ஐ அழையுங்கள், காசில்லாமல் அம்புலன்ஸ் வரும். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது, இரண்டாவது இரத்த மாதிரி எப்போது எடுப்பது என்று கேட்டு கிளினிக் திகதியில் மறக்காமல் போங்கள். அவருக்கு அது மருந்தாகாது. ஆனால் வருத்தம் உறுதியானால் உங்கள் ஊரில் எந்த வாய்க்கால் பக்கம் கிருமி இருக்கிறது என்று சுகாதாரப் பகுதிக்குத் தெரியவரும்.

இனி அந்த மாத்திரை. அது டொக்சிசைக்ளின், 100 மில்லிகிராம் இரண்டு சேர்த்துக் கிழமைக்கு ஒருதரம். இதற்குப் பின்னால் இரண்டு ஆய்வுகள் இருக்கின்றன. பனாமாக் காட்டில் பயிற்சிக்குப் போன அமெரிக்கப் படையினர் 940 பேரிடம் செய்த ஆய்வு 1984இல் வெளிவந்தது. வெற்று மாத்திரை போட்டவர்களில் 20 பேருக்கு எலிக்காய்ச்சல் வந்தது, டொக்சிசைக்ளின் போட்டவர்களில் ஒருவருக்கு மட்டும். இதைப் படித்தால் மாத்திரை போட்டால் போதும், வருத்தம் வராது என்று தோன்றும். ஆனால் 2000இல் வெளிவந்த அந்தமான் ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. அங்கே மழைக்காலத்தில் ஊர்மக்களுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை போட்டவர்களுக்கும் கிருமி தொற்றத்தான் செய்தது. ஆனால் வருத்தமாக வெளிப்பட்டது நூற்றுக்கு மூன்று பேருக்கு, போடாதவர்களில் ஏறக்குறைய ஏழு பேருக்கு. சில கிழமை காட்டில் இருந்துவிட்டுப் போகிற படையினரைவிட, ஆண்டு முழுவதும் அதே தண்ணியில் நிற்கிற அந்தமான் மக்கள்தான் முத்தையன்கட்டு விவசாயிக்குக் கிட்ட. ஆகவே மாத்திரை உங்களைப் பாதியளவு காக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரை போட்டவருக்குக் காய்ச்சல் வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும்.

நீங்கள் போடலாம். வயலில் இறங்குவதற்கு ஒரு கிழமைக்கு முன்பே தொடங்குவது நல்லது. இப்போதே இறங்கியாகிவிட்டது என்றால் இன்றே தொடங்கி, சேற்றுவேலை முடியும்வரை கிழமைக்கொருமுறை ஒரே நாளில் போடுங்கள். சாப்பிட்ட பிறகு, நிறையத் தண்ணியோடு விழுங்குங்கள். விழுங்கியவுடன் படுத்தால் தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயைப் புண்ணாக்கும், ஆகவே அரை மணித்தியாலமாவது இருங்கள். பாலோடும், இரும்புச் சத்து மாத்திரையோடும், நெஞ்செரிவு மருந்தோடும் சேர்த்துப் போட்டால் உடம்பில் சரியாக ஏறாது. சிலருக்கு ஓங்காளம் வரும், வெயில் பட்டால் தோல் எரியும். காலில் உள்ள வெட்டுக்காயத்தை மூடிக்கொண்டு இறங்குங்கள், ஏறியவுடன் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

மருமகளுக்கு அதில் ஒன்றும் கொடுக்க வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இந்தத் தடுப்பு மாத்திரை உகந்ததல்ல, குழந்தையின் பல்லையும் எலும்பையும் பாதிக்கக்கூடியது. இந்தப் போகம் அவளை வயலில் இறக்காதீர்கள். கர்ப்பகாலத்தில் எலிக்காய்ச்சல் வந்தால் கரு கலையும் ஆபத்தும் இருக்கிறது. இதுவரை வயலுக்கு வந்தவள் என்பதைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி, அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் கண்டால் முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். கர்ப்பிணிக்குக் கொடுக்கக்கூடிய மருந்து அங்கே இருக்கிறது, பெனிசிலின் அதில் ஒன்று.