கோகெய்ன், சி.ஐ.ஏ., ராப்: கேள்வி பதில்

கேள்வி: கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் புகைக்கும் வடிவக் கோகெய்னான கிராக்கைப் பரப்பியதே அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.தான் என்று பல அமெரிக்க ராப் பாடல்கள் சொல்கின்றன. இது உண்மையா?

பதில்: அப்படியொரு திட்டம் தீட்டப்பட்டதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் ஆவணங்களில் பதிவாகியிருப்பதே போதுமான அளவு கொடியது. மத்திய அமெரிக்க நாடான நிகராகுவாவின் அரசை எதிர்த்து அமெரிக்க ஆதரவுடன் போரிட்ட கான்ட்ரா படைகளோடு தொடர்புடையவர்கள் போதைப்பொருள் கடத்தியதை, செனட்டர் ஜான் கெர்ரி தலைமையிலான துணைக்குழு 1989இல் தன் அறிக்கையில் பதிவுசெய்தது. அந்தச் சரக்கின் ஒரு தடம் லாஸ் ஏஞ்சலஸ் தெருக்கள் வரை நீண்டதைப் பத்திரிகையாளர் கேரி வெப் 1996இல் எழுதியபோது, பெரிய நாளேடுகள் அவரையே குறிவைத்தன. கடத்தல் குற்றச்சாட்டுக்கு உள்ளானவர்களுடன் சி.ஐ.ஏ. உறவைத் தொடர்ந்ததை 1998இல் அதன் தலைமை ஆய்வாளரின் அறிக்கையே காட்டியது. ‘பரப்பினார்கள்’ என்பதைவிட ‘தெரிந்தும் கண்டுகொள்ளவில்லை’ என்று பாடும் வரியே எனக்கு வலுவானதாகப் படுகிறது; அதை யாரும் மறுக்க முடியாது.

கேள்வி: கோகெய்னுக்கும் அரசுக்கும் உள்ள இந்த உறவை மிகச் சிறப்பாகச் சொன்ன பாடல் எது?

பதில்: ராப்பர் இம்மார்ட்டல் டெக்னிக் 2003இல் வெளியிட்ட ‘பெருவியன் கோகெய்ன்’ என்பேன். கோகெய்னுக்கு மூலமான கோகா செடி வளரும் தோட்டத்தின் தொழிலாளி, மேற்பார்வையாளர், ஆட்சியாளர், தெரு வியாபாரி, மாறுவேடக் காவலர், கைதி என ஒவ்வொருவரும் தம் நியாயத்தைத் தாமே பேச, ஒவ்வொரு பாத்திரத்தையும் வெவ்வேறு ராப்பர் ஏற்கிறார். எவருக்கும் முழுச் சங்கிலி தெரிவதில்லை. கேட்பவருக்கு மட்டுமே அது தெரிகிறது. அரசு வெளியே நிற்கும் நடுவராக இல்லாமல் அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியாகவே இடம்பெறுவதுதான் இதன் சாதனை.

கேள்வி: இத்தகைய பாடல்கள் கடத்தல்காரர்களைப் புகழவில்லையா?

பதில்: சில புகழத்தான் செய்கின்றன. ராப்பர் கில்லர் மைக்கின் ‘ரீகன்’ (2012) வேறு வகை. அது பகட்டை விற்கும் ராப்பர்களை முதலில் சாடிவிட்டுத்தான் அரசிடம் செல்கிறது. கான்ட்ராக்களுக்கும் பணம் போய்ச் சேர்ந்த ஈரான் ஆயுத பேரத்தில், பிணைக்கைதிகளுக்கு ஈடாக ஆயுதம் கொடுக்கவில்லை என்று அன்றைய அமெரிக்க அதிபர் ரீகன் 1986இல் மறுத்த குரலும், சான்றுகள் வேறுவிதமாகச் சொல்வதாக 1987இல் ஏற்றுக்கொண்ட குரலும் பாடலிலேயே ஒலிக்கின்றன.

கேள்வி: சிறைத் தண்டனை ஏன் இப்பாடல்களில் திரும்பத் திரும்ப வருகிறது?

பதில்: அமெரிக்காவின் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி 5 கிராம் கிராக்குக்கும் 500 கிராம் தூள் கோகெய்னுக்கும் ஒரே குறைந்தபட்சத் தண்டனை, அதாவது ஐந்தாண்டுச் சிறை. கிராக் வழக்குகளில் தண்டனை பெற்றவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். 100க்கு 1 என்ற அந்த விகிதம் 2010இல்தான் 18க்கு 1 ஆகக் குறைக்கப்பட்டது.