மிஞ்சிய பிரியாணியை மறுநாள் உண்ணலாமா?

கேள்வி: கிறிஸ்துமஸ் விருந்தில் மட்டன் பிரியாணியும் வறுத்த கோழியும் நிறைய மிஞ்சிவிடுகின்றன. மறுநாள் சூடாக்கிச் சாப்பிடலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: சமைத்த 2 மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தால், மறுநாள் ஒருமுறை மட்டும் ஆவி பறக்கச் சூடாக்கித் தாராளமாகச் சாப்பிடலாம். அண்டாவோடு அப்படியே உள்ளே வைத்தால் நடுப்பகுதி ஆற நெடுநேரமாகும் என்பதால், பிரியாணியை அகலமான தட்டுகளில் பரப்பி, ஆவி அடங்கியதும் மூடி வையுங்கள். இரவெல்லாம் அடுப்படியிலேயே கிடந்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரி பெருகி உண்டாக்கும் நச்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழியாது; மனம் வராவிட்டாலும் அதைக் கொட்டிவிடுவதே நல்லது. குளிரில் வைத்த கோழியை எலும்பு நீக்கி உதிர்த்து, வெங்காயமும் மிளகும் சேர்த்துக் கொத்துப் பரோட்டாவில் போடலாம். பல வீடுகளில் விருந்தைவிட இதற்கே போட்டி அதிகம்.