அத்தை எழுந்து ஓட வேண்டாம்

வீட்டுச் சாதனங்கள்: கேள்வி பதில்
சிங்கப்பூரில் தொலைபேசி இணைப்புப் பணியில் 31 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்

கேள்வி: ஐயா, ஈசூனில் மேசனட் எனும் இரண்டு தள வீட்டில் இருக்கிறோம். மாமியாருக்கு 78 வயது, முழங்கால் வலி. பகலில் மேல்மாடி அறையில்தான் இருப்பார். வீட்டு போன் கீழே கூடத்தில் இருக்கிறது. மணி அடித்தால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வருகிறார், வருவதற்குள் நின்றுவிடுகிறது. கைத்தொலைபேசி வாங்கிக் கொடுத்தோம். தொட்டால் எங்கேயோ போய்விடுகிறது என்று அலமாரியில் வைத்துவிட்டார். ரிசீவர்களைக் கூட்டிக்கொள்ளும் வசதி உள்ள கார்ட்லெஸ் போன் வாங்க நினைக்கிறோம். எதைப் பார்த்து வாங்குவது? எத்தனை ரிசீவர் வேண்டும்? ஃபைபர் இணைய இணைப்புப் பெட்டி டிவிக்குப் பின்னால் இருக்கிறது.
வாசகி, ஈசூன்

பதில்: சகோதரி, படியிறங்கி வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் உடனே படிக்க முடியவில்லை. 1998ல் என் அம்மா தோ பாயோ வீட்டில் குளியலறையிலிருந்து ஈரக்காலோடு போன் எடுக்க வந்து வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. அன்றைக்கு அழைத்தவன் நான்தான், சாப்பிட்டாரா என்று கேட்பதற்காக. ஊரெல்லாம் வீடு வீடாகப் போய்ப் படுக்கையறைக்கு இன்னொரு போன் இழுத்துக் கொடுத்தவன் நான். என் அம்மாவின் கட்டில் பக்கத்தில் ஒன்று வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆகவே இதை அடுத்த மாதம் பார்ப்போம் என்று தள்ளிப் போடாதீர்கள். புதியது வரும்வரை உறவினர்களிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: அத்தை எடுக்காவிட்டால் உங்களை அழைக்கட்டும், விடாமல் மணி அடிக்க வேண்டாம்.

சரி, போனுக்கு வருவோம். இந்த வகை போனில் தொலைபேசி வயர் ஒரே ஒரு இடத்தில்தான் செருகப்படும், அது பேஸ். மற்ற ரிசீவர்கள் அந்த பேஸோடு வானொலி அலையில் பேசுகின்றன. அவற்றுக்கு வேண்டியது சார்ஜ் செய்யும் சின்னத் தொட்டிலும் ஒரு மின்சார பிளக்கும் மட்டுமே. அத்தையின் அறையில் போன் முனை இல்லையே என்ற கவலை வேண்டாம்.

பெட்டியில் டெக்ட் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பாவில் 1990களில் வந்த கார்ட்லெஸ் போன் தரம் அது. இங்கே 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் ஓடுகிறது. வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸிலும் 5 கிகாஹெர்ட்ஸிலும் இருப்பதால் இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று போட்ட பழைய கார்ட்லெஸ் போனை யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். அது வைஃபையோடு சண்டை போடும்.

அடுத்து, எத்தனை ரிசீவர் என்பது. பேஸ் ஒன்றோடு நான்கு முதல் ஆறு ரிசீவர் சேர்த்துக்கொள்ளலாம் என்று பல மாடல்களில் போட்டிருக்கும். அதை நம்பி, இப்போதைக்கு ஒன்று வாங்கிப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று பலர் திட்டம் போடுகிறார்கள். அது எனக்குப் பிடிக்காத திட்டம். சில வருடங்களில் அந்த மாடல் கடையிலிருந்து போய்விடும், அதற்குப் பொருந்தும் தனி ரிசீவரும் அதோடு போய்விடும். இரண்டு ரிசீவர் உள்ள செட் வாங்கிய நானே நான்கு வருடம் கழித்து மூன்றாவதைத் தேடி அலைந்தேன். ஒரு கடையில் இது சேரும் என்று சொல்லி வேறு வரிசை ரிசீவரைக் கொடுத்தார்கள். சேரவில்லை, திருப்பி எடுக்கவும் இல்லை. அதனால், கூட்டிக்கொள்ளும் வசதி இருக்கட்டும், ஆனால் வேண்டியதை இன்றைக்கே ஒரே பெட்டியில் வாங்கிவிடுங்கள். உங்கள் வீட்டுக்கு மூன்று: அத்தையின் கட்டில் பக்கத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று, கூடத்தில் ஒன்று. பானாசோனிக்கின் பல மாடல்களில் எண்ணின் கடைசி இலக்கமே ரிசீவர் எண்ணிக்கை. 1 என்றால் ஒன்று, 3 என்றால் மூன்று. கடையில் இதைப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். தனி ரிசீவர் என்று விற்பது பேஸ் இல்லாமல் வேலை செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சமையலறைக்கு எதற்கு என்று கேட்பீர்கள். இண்டர்காம் வசதிக்காகத்தான். ஒரு ரிசீவரிலிருந்து இன்னொன்றை அழைக்கலாம், தொலைபேசிக் கட்டணம் கிடையாது. புகைபோக்கி மின்விசிறி ஓடிக்கொண்டிருக்க, ரசம் கொதித்துக்கொண்டிருக்க, மேல்மாடிக்குக் கேட்கும்படி அத்தை, சாப்பிட வாங்க என்று தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்லை. அவரும் தண்ணீர் வேண்டும் என்றால் அங்கிருந்தே சொல்லலாம். சில வீடுகளில் இதைப் போட்டுக் கொடுத்த பிறகு, வெளியிலிருந்து வரும் அழைப்பைவிட மாடிக்கும் அடுக்களைக்கும் நடுவே நடக்கும் பேச்சுதான் அதிகம் என்று சொன்னார்கள். ஒன்று மட்டும்: எத்தனை ரிசீவர் இருந்தாலும் வெளி இணைப்பு ஒன்றுதான். ஒருவர் மலேசியாவுக்குப் பேசும்போது இன்னொருவர் தனியாக வேறு எண்ணுக்குப் பேச முடியாது.

இனி நான் மிகவும் வற்புறுத்தும் விஷயம், பேஸை எங்கே வைப்பது. ஃபைபர் பெட்டியின் பின்புறம் போன் செருகும் துளை இருக்கும், வயர் அங்கிருந்துதான் வர வேண்டும். பழைய சுவர் முனையில் செருகிப் பார்த்து டயல் டோன் இல்லை என்று பயப்படாதீர்கள், அந்தச் செம்புக் கம்பியில் இப்போது இணைப்பு இருக்காது. ஆனால் வயர் அங்கே செருகப்படுவதால் பேஸும் டிவிக்குப் பின்னாலேயே உட்கார வேண்டும் என்பதில்லை. டிவியின் உலோகத் தகடு, ரவுட்டர், கான்கிரீட் சுவர் எல்லாம் நடுவே நின்றால் அலை எப்படி மாடிக்குப் போகும்? பெட்டியில் வெட்டவெளியில் 300 மீட்டர், வீட்டுக்குள் 50 மீட்டர் என்று போட்டிருப்பார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் கான்கிரீட் தளத்துக்குக் கீழே நின்றுகொண்டு அந்த 50 மீட்டரை எதிர்பார்க்காதீர்கள். நீளமான தட்டை போன் வயர் வாங்கி, சுவரோரமாக ஓட்டி, பேஸைப் படிக்கட்டின் அடியில் உயரமான அலமாரி மேல் வையுங்கள். அங்கிருந்து இரண்டு தளத்துக்கும் அலை போகும். எதையும் ஒட்டுவதற்கு முன் ரிசீவரைக் காதில் வைத்து, டயல் டோன் கேட்டுக்கொண்டே எல்லா அறைக்கும் ஒருமுறை நடந்து பாருங்கள். சத்தம் விட்டுவிட்டு வந்தால் பேஸை ஓரடி நகர்த்துங்கள். ஓரடியே பெரிய மாற்றம் தரும்.

அத்தைக்கு என்ன வேண்டும் என்பதை அவரையே கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். முஸ்தஃபாவிலோ, உங்கள் பக்கத்து மின்பொருள் கடையிலோ காட்சிக்கு வைத்திருப்பதைக் கையில் கொடுங்கள். பொத்தான் பெரிதாக, அழுத்தினால் விரலுக்குத் தெரிய வேண்டும். எழுத்து வெளிச்சமாக இருக்க வேண்டும். காது கொஞ்சம் மந்தம் என்றால் ஒலியைக் கூட்டும் தனிப் பொத்தான் உள்ளதைப் பாருங்கள். காது கேட்கும் கருவி அணிபவராக இருந்தால் அதற்கு ஒத்துப்போகும் என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். 2002 மார்ச் 1ஆம் தேதி எல்லா வீட்டு எண்ணுக்கும் முன்னால் 6 சேர்த்தபோது, என் அம்மா பல மாதம் ஏழு இலக்கத்தையே சுழற்றிக்கொண்டிருந்தார். விரல் பழகியதை மனசு விடாது. அதனால் 2ஐ அழுத்திப் பிடித்தால் மகன், 3ஐ அழுத்திப் பிடித்தால் மருமகள் என்று குறுக்கு எண் போட்டு, ரிசீவரின் பின்புறம் பெயரைத் தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

கடைசியாக, மின்சாரம் போனால் பேஸும் நிற்கும், ஃபைபர் பெட்டியும் நிற்கும். செம்புக் கம்பி காலத்தில் தொலைபேசி நிலையத்திலிருந்தே 48 வோல்ட் வந்தது, விளக்கு அணைந்தாலும் வயர் போனில் பேச முடிந்தது. இப்போது அப்படி இல்லை. அலமாரியில் இருக்கும் அந்தக் கைத்தொலைபேசியை எடுத்துச் சார்ஜ் செய்து அத்தையின் தலைமாட்டில் வையுங்கள். ஆம்புலன்ஸுக்கான 995ஐ அழைக்க மட்டும் பழக்கிக் கொடுத்தால் போதும்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகள் வரும்போது அங்கிருந்து ஐந்து ரிசீவர் உள்ள செட் வாங்கி வருவதாகச் சொல்கிறாள். விலை மலிவாம். டெக்ட் 6.0 என்று இருக்கிறது. இது புதிய பதிப்புதானே?
வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: வேண்டாம் ஐயா, இன்றைக்கே மகளுக்குச் சொல்லிவிடுங்கள். 6.0 என்பது ஆறாவது பதிப்பும் இல்லை, 6 கிகாஹெர்ட்ஸும் இல்லை. அமெரிக்கச் சந்தைக்கு வைத்த விற்பனைப் பெயர். அந்த போன்கள் 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன. இங்கே அந்த அலைவரிசை கைத்தொலைபேசிச் சேவைக்கு ஒதுக்கப்பட்டது. உங்கள் வீட்டில் ஐந்து ரிசீவர் பேசினால் பக்கத்து புளோக்கில் யாருக்கோ கைத்தொலைபேசி இணைப்பு கெடலாம். இங்கே விற்கும் போனில், தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையமான ஐஎம்டிஏவின் தரத்துக்கு உட்பட்டது என்ற ஒட்டு இருக்கும். அது இல்லாததை வாங்காதீர்கள்.

அடாப்டரும் ஒரு சிக்கல். 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்ததை நம் 230 வோல்ட்டில் செருகினால் புகை வரும். அப்படிக் கருகிய அடாப்டர்களை நான் கையால் கழற்றியிருக்கிறேன். மகளிடம் வேறு ஏதாவது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், போனை இங்கேயே பார்ப்போம்.

கேள்வி: பொங்கோலில் புது வீடு. ஃபைபர் முனை பாதுகாப்பு அறைக்குள் இருக்கிறது, கார்ட்லெஸ் பேஸையும் அங்கேயே வைத்தோம். படுக்கையறையில் குரல் உடைகிறது. போன் பழுதா?
வாசகி, பொங்கோல்

பதில்: போன் நன்றாகத்தான் இருக்கிறது அம்மா. பாதுகாப்பு அறை என்பது தடித்த கான்கிரீட்டும் இரும்புக் கதவும் உள்ள பெட்டி. குண்டு வெடித்தாலும் தாங்கக் கட்டியதற்குள் பேஸை வைத்துக் கதவையும் மூடினால் அலை எப்படி வெளியே வரும்? பேஸை அங்கிருந்து எடுத்துவிடுங்கள்.

சுவரில் துளை போடக் கிளம்பாதீர்கள், அந்த அறைச் சுவருக்குத் தனி விதிமுறை உண்டு. அதற்கு முன் ஒன்று பாருங்கள். புதிய வீடுகளில் கூடத்துக்கும் அறைகளுக்கும் டேட்டா பாயிண்ட் (இணைய வயர் செருகும் சுவர் முனை) இழுத்திருப்பார்கள், அந்த வயர்களின் மறுமுனை பெரும்பாலும் ஃபைபர் முனைக்குப் பக்கத்தில்தான் வந்து சேரும். பயன்படுத்தாத ஒன்று இருந்தால், ஃபைபர் பெட்டியின் போன் துளையிலிருந்து சின்ன வயர் எடுத்து அந்த முனையில் செருகுங்கள். போன் பிளக் சிறியது, ஆனாலும் டேட்டா முனையின் நடுவில் உட்காரும், நடு இரண்டு கம்பியே போனுக்குப் போதும். கூடத்தில் உள்ள மறுமுனையில் பேஸைச் செருகினால் டயல் டோன் வந்துவிடும். அப்புறம் அந்த முனையில் போன் என்று எழுதி ஒட்டிவிடுங்கள், அதில் யாரும் கணினியையோ ரவுட்டரையோ செருகிவிடக் கூடாது. மணி அடிக்கும்போது வரும் மின்னழுத்தம் அவற்றைக் கெடுத்துவிடும்.

கேள்வி: ரிசீவர் பத்து நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. சாதாரண பேட்டரி போட்டுப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. அப்படியே விடலாமா? இன்னொன்று, வேறு நிறுவன ரிசீவரை எங்கள் பேஸோடு சேர்க்க முடியுமா?
வாசகர், கிளமெண்டி

பதில்: படித்தவுடன் போய் அந்த பேட்டரியைக் கழற்றுங்கள். தொட்டிலில் வைத்ததும் அது சார்ஜ் ஏறத் தொடங்கும். சாதாரண ஆல்கலைன் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றினால் ஒழுகும், வெடிக்கவும் கூடும். பெரும்பாலான ரிசீவரில் போட வேண்டியது டிரிப்பிள் ஏ அளவில் இரண்டு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி, 1.2 வோல்ட் என்று எழுதியிருக்கும். இரண்டையும் ஒன்றாகவே மாற்றுங்கள், பழையதும் புதியதும் கலக்க வேண்டாம். கையேட்டில் சொன்ன நேரம் முழுக்க சார்ஜ் ஏறிய பிறகு பேசுங்கள். பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல், கடைத்தொகுதிகளில் இருக்கும் மின்கழிவுத் தொட்டியில் போடுங்கள்.

வேறு நிறுவன ரிசீவர் சேரும், கேப் என்ற பொதுத்தரம் இரண்டிலும் இருந்தால். பேசலாம், அழைப்பை எடுக்கலாம். ஆனால் பெயர்ப் பட்டியல், இண்டர்காம், அழைப்பைத் தடுக்கும் வசதி போன்றவை கிடைக்காமல் போகலாம். அவசரத்துக்குச் செய்யலாம், காசு கொடுத்து வாங்கும்போது அதே வரிசையையே தேடுங்கள்.

உங்கள் கடிதத்தின் ஓரத்தில், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி யாரோ தினமும் வீட்டு போனில் அழைக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பேட்டரியைவிட அதுதான் என்னை உறுத்துகிறது. எந்த எண்ணும் சொல்லாமல் போனை வையுங்கள், 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழைத்துக் கேளுங்கள். புதிய போன் வாங்குவதானால் எண்ணைத் தடுக்கும் பொத்தான் உள்ளதாக வாங்குங்கள்.